பத்தொன்பது மனைகள்

உங்கள் விசாரணை அலுவலகத்து டீ நன்றாக இருக்கிறது, அய்யா. இஞ்சி தட்டிப் போட்டிருக்கிறார்கள். எங்கள் நகரமைப்புப் பிரிவில் வருவது வெறும் வெந்நீர்தான்.

நான் தரணீதரன், வரைவாளர். மனைப்பிரிவுக்கு மனு வந்தால் இடத்தை நேரில் பார்த்துக் குறிப்பெழுதுவது என் வேலை. சந்தோஷமான வேலை. வெறும் பொட்டலாகக் கிடக்கும்போதே தெரு எங்கே, பூங்கா எங்கே என்று என் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

வீரபாண்டி ஊரைத் தாண்டி, மனைப்பிரிவுக்கு மனு வந்த ஓர் இடத்தின் நடுவே ஓர் ஓடை போனது. ஊரில் யாரும் அதை ஓடை என்று சொல்வதில்லை. சாயப்பட்டறைகள் கழிவைத் திறந்துவிட்ட காலத்தில் ஒரு நாள் சிவப்பாகவும் ஒரு நாள் ஊதாவாகவும் ஓடும். அதனால் சாயக் கால்வாய் என்றே பெயர். பட்டறைகள் நிறுத்தியதும் காய்ந்துவிட்டது. பழைய புலப்படத்தில் மட்டும், மேலே இருக்கும் குளத்திலிருந்து வளைந்து வளைந்து இறங்கும். அந்தப் படம் என் மேசையில்தான் இருந்தது.

ஓடைக்கு இடம் விட்டால் பத்தொன்பது மனை குறையும். தெருக்களும் கோணலாகும். மனை போட்ட மகுடேஸ்வரன், "ஏனுங்க, சாயத்தண்ணி போன குழிக்கெல்லாம் மரியாத பண்ணோணுமாங்க?" என்றார். இருவரும் சிரித்தோம். ‘பயனற்ற சாயக்கழிவுத் தடம்’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். லஞ்சம் என்று நினைக்காதீர்கள். நேரான தெருவைப் பார்த்தால் எனக்கு மனசு நிறைந்துவிடும், அவ்வளவுதான்.

பதினான்காம் மனையை வாங்கியவர் சின்னத்தாய். சாத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து பனியன் கம்பெனியில் தைப்பவர். மகள் வேல்விழியோடு ஒற்றை அறையில் பன்னிரண்டு வருடம் இருந்தவர். வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போது அந்த வழியாகப் போனேன்.

"என்ன சார், தோண்டத் தோண்ட ஆத்து மணலா வருது? நடுவுல ஊதாக் கலர்ல ஒரு வரி வேற."

"யோகமுங்க அம்மிணி. ஒரு லோடு மணல் மிச்சமாச்சுங்க."

"அப்ப பால் காய்ச்சுற அன்னிக்கு மொத எலை ஒங்களுக்குத்தான்."

"மணல் காட்டுன சாருக்கு ரெண்டு வடையா வைம்மா" என்றாள் வேல்விழி. பால் காய்ச்சிய அன்று மூன்று வைத்தார்கள்.

போன ஐப்பசியில் நான்கு நாள் மழை. நான்காம் நாள் பகலில் மழை அவசர மேசை என் பொறுப்பு. குளத்துக் காவலர் சுப்பண்ணன் போன் செய்தார்.

"கரை ஒடஞ்சுருச்சுங்க. தண்ணி ஓடைத் தடத்துலயே எறங்குது. முக்கா மணி நேரத்துல அந்த ஊடுகளுக்கு வந்துருமுங்க. சனத்த மேட்டுக்கு ஏத்துங்க."

"எந்த ஓடைங்க?" என்றேன்.

"வெளையாடறீங்களா சாமி?"

மைக் கட்டிய வண்டி, ஓட்டுநரோடு வாசலில் நின்றது. ஒரு வார்த்தை போதும். ஆனால் யோசித்துப் பாருங்கள், அய்யா. ஓடையில் தண்ணீர் வருகிறது என்று மைக்கில் சொன்னால், அங்கே ஓடை இருக்கிறது என்று அலுவலகமே ஒப்புக்கொண்டதாகும். என் கையெழுத்துக்கு எதிராக நானே எப்படிப் பேசுவது? பதிவேட்டில் ‘நிலைமை இயல்பு’ என்று எழுதினேன். சாப்பாட்டு நேரமும் ஆகியிருந்தது. தக்காளி சாதம்.

இறந்தவர்கள் ஏழு பேர். ஆறு பேரை எனக்குத் தெரியாது. ஏழாவது வேல்விழி, இரவு ஷிப்ட் முடித்து வந்து தூங்கிக்கொண்டிருந்தாளாம். சின்னத்தாய் கம்பெனியில் இருந்ததால் தப்பினார். ஆமாம், தெரிந்தே வண்டியை அனுப்பாதவன் நான்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

அதற்காக நான் சும்மா இருந்துவிடவில்லை. நேற்று சின்னத்தாயைப் போய்ப் பார்த்தேன். "மேட்டுப் பக்கம் ஒரு மூலை மனை இருக்குதுங்க. நல்லாக் காத்து வரும். ஊட்டுக்கு நானே பிளான் வரஞ்சு தர்றனுங்க" என்றேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சந்தோஷம் அதிகமானால் சிலருக்குப் பேச்சு வராது.