சின்னவள் கேட்ட முடிவு

ஆம்பூரில் ரயில் ஏறிய இரண்டு பெண்கள் என் எதிரே உட்கார்ந்தார்கள். சின்னவளின் புருஷன் கள்ளுக்கடை மறியலுக்காக வேலூர் ஜெயிலில் இருக்கிறானாம், பார்க்கப் போகிறாள். அவளுக்குப் படிப்பு இல்லை. பெரியவள், ஸ்காட்லாந்து ஜனங்கள் இங்கிலீஷ் ராஜாவை எதிர்த்துச் சண்டை போட்ட கதைப் புத்தகம் ஒன்றை வாசித்துச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

“வெள்ளக்காரனே வெள்ளக்காரன அடிமையா வச்சிருந்தானாக்கா?”

“அந்தக் காலத்துல வச்சிருந்தான்டி.”

“சுயராஜ்யம்னு வாயத் தொறந்தா வார்டரு பேச்ச நிறுத்திடறாரு. அதான் போன தபா நீ வாசிச்ச இந்தக் கதைய எங்க வூட்டுக்காரருகிட்ட சொன்னேன். பாதியில நேரம் ஆயிடுச்சு, அவரு மொகம் வாடிப்போச்சு. முடிவு இன்னாக்கா?”

பெரியவள் கடைசிப் பக்கத்தைப் பார்த்தாள்.

“ஜெயிச்சிட்டாங்கடி. இங்கிலீஷ் ராஜா ஓடிப் போய்ட்டான்.”

காட்பாடி வந்தது. சின்னவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

“வார்டரு பக்கத்துலயே நிக்கட்டும். சத்தமாவே சொல்றேன். கததானே.”