தைத்த வண்டி

பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி போகும் காலைப் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்தவர் பக்கத்து ஆளிடம் சொன்னார்:

“போன வாரம் பைக்க தச்சிட்டேன், மச்சான்.”

அவர் சட்டைப் பையில் வலை பின்னும் ஊசி நீட்டிக்கொண்டிருந்தது.

“பைக்கையா? இன்னாத்துக்கு?”

“ஒரே ஒரு பிளக்கு மாத்தணும். அதுக்கு சீட்ட எடு, சைடு மூடிய எடு, டேங்க எடுனு போவுது. மூடியில இருந்த கிளிப்பு அஞ்சும் கையோட ஒடஞ்சி வந்துச்சு. கம்பிய காய்ச்சி ஓட்ட போட்டு, வலை நூலால தச்சிட்டேன்.”

“நடுக்கடல்ல படகு இன்ஜினையே பிரிச்சி மாட்டுற ஆளு நீ!”

“அது பிரிக்கறதுக்குனு பண்ணது. இத்த கம்பெனிக்காரன் தொடவே உடமாட்டேன்றான். மீட்டர்ல மஞ்ச லைட்டு அணையலனு நேத்து ஷோரூம்ல உட்டேன். மெக்கானிக் ‘இன்னாய்யா பண்ணி வச்சிருக்க, இனிமே வண்டில கை வெக்காத’னு கத்தி, முடிச்சு பூரா அறுத்துட்டான்.”

“இப்ப வண்டி எடுக்கத்தான் போறியா?”

“லைட்ட அணைச்சிட்டானாம். கிளிப்புதான் ஸ்டாக் இல்லியாம். காலைல அவனே போன் பண்றான்: ‘அண்ணே, வரும்போது அந்த ஊசிய எடுத்துக்கினு வாங்க.’”