ஃபீபியின் பழைய பெயர்

இந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை, சார். ஆடிக்கொண்டே இருக்கிறது. நான் நின்றபடியே சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் நடந்தாலும் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பதினேழு வருஷமாக டைம் ஆபீஸில் இருந்தவனுக்குச் சும்மா உட்காரத் தெரியாது.

என் பெயர் மோசஸ். மாதனூர்ப் பக்கத்து ஷூ கம்பெனியில் வருகைப் பதிவேடு என் பொறுப்பு. காலை ஏழே முக்காலுக்குக் கம்பெனி பஸ்கள் வந்து நிற்கும். இறங்கி வரும் நானூறு பெண்களையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன்.

ஃபீபி தொண்ணூற்றெட்டு ஜூனில் தையல் பிரிவில் சேர்ந்தாள். கணவன் நெல்வினுக்கு வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் வார்டு வேலை. பி.எஃப். படிவத்தில் கையெழுத்துப் போடச் சொன்னபோது ‘கோ’ என்று எழுதி நிறுத்தினாள். அதை அடித்துவிட்டு ‘ஃபீபி’ என்று எழுதினாள்.

“இன்னாம்மா அது, கோ?” என்று கேட்டேன்.

மற்றவர்கள் போகும்வரை காத்திருந்தாள்.

“கோவிந்தம்மாண்ணே. ஒடுகத்தூர்ப் பக்கம். இவரைக் கட்டிக்கினு வந்துட்டேன்னு எங்கண்ணன் ஒரு வருஷமா தேடிக்கினு இருக்கான். இருக்கிற இடம் தெரிஞ்சா உயிரோட வுடமாட்டான். என்னை உங்க தங்கச்சியா நெனச்சுக்குங்க. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.”

சொல்ல மாட்டேன் என்றேன். அன்றைக்கு அது உண்மைதான்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் என் ஜன்னலைக் கடக்கும்போது ஒரு பார்வை பார்ப்பாள். இன்றைக்கும் சொல்லவில்லையே என்று கேட்கிற பார்வை. நான் தலையை அசைப்பேன். அப்புறம்தான் உள்ளே போவாள். என் வீட்டிலோ கம்பெனியிலோ என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை, சார். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பார்வை இருக்காது. அன்றைக்கு எனக்கு ஒரு வேலையும் ஓடாது.

மார்ச்சில் அவளை சூப்பர்வைசர் ஆக்கப்போவதாகப் பேச்சு வந்தது. அந்த வாரம் மற்ற பெண்களோடு சிரித்துப் பேசிக்கொண்டே என் ஜன்னலைக் கடந்துபோனாள். பார்க்கவில்லை. மறுநாளும் பார்க்கவில்லை. பயம் போய்விட்டது, பாருங்கள். அப்போதுதான் எனக்கு உறுத்தியது, ஒரு பொய்ப் பெயரை தினமும் என் கையால் எழுதிக்கொண்டிருக்கிறேனே என்று.

அவள் ஒருநாள் பேச்சுவாக்கில் சொல்லியிருந்த ஊருக்கு, அவள் அண்ணன் தணிகாசலத்துக்கு ஒரு கடிதம் போட்டேன். பதில் இல்லை. தபால்காரர் வரும் நேரம் பார்த்து கம்பெனி கேட்டுக்குப் போய்ப் போய் வந்தேன். இன்னொன்று போட்டேன். அதற்கும் இல்லை. ஒரு சனிக்கிழமை லீவு சொல்லிவிட்டு நானே பஸ் ஏறினேன். அவர் கொல்லையில் வேர்க்கடலை பிடுங்கிக்கொண்டிருந்தார். கடிதம் இரண்டும் அவர் சட்டைப் பையில்தான் இருந்தன. படிக்கத் தெரியாதாம். அடுத்தவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்ல வெட்கமாம். நானே படித்துக் காட்டினேன்.

உங்கள் ஸ்டேஷன் ரைட்டர் இந்த இடத்தில் ‘காட்டிக்கொடுத்தேன்’ என்று எழுதியிருக்கிறார். அந்தச் சொல்லை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். காட்டிக்கொடுக்கிறவன் பதிலுக்கு ஏதாவது வாங்குவான். நான் அங்கே தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ‘அம்பலப்படுத்தினேன்’ என்றும் போட வேண்டாம். அது ஊரைக் கூட்டிச் செய்வது. நான் சொன்னது ஒரே ஒருவரிடம். எங்கள் சபையில் இதை ‘வெளிப்படுத்துவது’ என்போம். மறைந்திருப்பதை வெளிச்சத்துக்குக் கொண்டுவருவது. நல்ல சொல், சார். அதையே போடலாம்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்கு தணிகாசலம் கேட்டுக்கு வந்தார். கையில் துண்டில் சுற்றிய ஏதோ இருந்தது. குடை என்று நினைத்ததாக நேற்று உங்களிடம் சொன்னேன். ஏப்ரல் மாதத்தில் இங்கே யார் குடை கொண்டுவருகிறார்கள்? அதைத் திருத்திக்கொள்ளுங்கள்.

பெண்கள் பஸ்ஸுக்கு வரிசையில் நின்றார்கள். எல்லோருக்கும் ஒரே நீலக் கோட்டு, தூசிக்காகத் தலையிலும் வாயிலும் கட்டிய ஒரே மாதிரி துணி. கண்கள் மட்டும்தான் தெரியும்.

அவர் வரிசையை இரண்டு தடவை மேலும் கீழும் பார்த்தார். “எதுன்னே தெரியலயே சார்,” என்றார். “வேணாம், நான் போய்டறேன்,” என்று திரும்பக்கூடச் செய்தார்.

இதுவரை நான் சொல்லாமல் விட்டது இது ஒன்றுதான். அவர் போயிருப்பார். பத்து மாதம் நான் அந்த ஜன்னலில் உட்கார்ந்திருந்தது வீணாகப் போயிருக்கும். நான் அவர் தோளைத் தொட்டு நிறுத்தினேன். வரிசையைப் பார்த்து, வருகை எடுக்கிற குரலில், “கோவிந்தம்மா” என்று கூப்பிட்டேன்.

யாரும் அசையவில்லை. ஒருத்தி மட்டும் திரும்பினாள். முதலில் என்னைத்தான் பார்த்தாள், சார். பழைய அதே பார்வை. நான் தலையை அசைத்தேன்.

அவள் நினைத்திருந்தால் திரும்பாமல் நின்றிருக்கலாம். பஸ் கிளம்பியிருக்கும், உயிரோடு வீடு போய்ச் சேர்ந்திருப்பாள். அவளை வெளிப்படுத்தியது நான் இல்லை. கூப்பிட்டது மட்டும்தான் நான், திரும்பியது அவள்தானே?