பட்டணத்துத் தீர்ப்பும் ரங்கம்மாளின் பாவும்

அக்கிராசனத்தில் அமர்ந்து அவ்வாசனத்துக்கே அழகு சேர்க்கும் அருணகிரி முதலியார் அவர்களே, ஆரணிப் பட்டின் பெயரை ஆற்காட்டுக்கு அப்பாலும் அறியச் செய்த தறிக்காரப் பெரியோர்களே, அறுந்த இழையையும் அறுந்த உறவையும் முடிபோடத் தெரிந்த தாய்மார்களே, பந்தலுக்கு வெளியே நின்றுகொண்டு 'இவன் எப்போது முடிப்பான்' என்று பார்த்திருக்கும் அன்பர்களே, மனு எழுதிப் பிழைக்கும் பவுல்துரை உங்கள் அனைவரையும் கைகூப்பி வந்தனம் செய்கிறேன்.

என்னை அறியாதவர் இங்கே யார்? முன்சீப் கோர்ட்டு வாசலில், புளியமரத்தடியில், பாய் விரித்து உட்கார்ந்திருப்பவன். இந்தப் பந்தலில் எவர் எவர்மேல் என்ன பிராது கொடுத்தார் என்பது அவ்வளவும் என் கையெழுத்தில் இருக்கிறது. ஆகையால் பின்வரிசையில் பேசிக்கொண்டிருப்பவர்கள் சற்றே அடங்குவது அவர்களுக்கே நல்லது.

அடங்கிவிட்டார்கள். சந்தோஷம்.

மகாஜனங்களே, சென்ற பங்குனியில் பட்டணத்துப் பெரிய கோர்ட்டிலிருந்து ஒரு தீர்ப்பு வந்தது. எங்கோ தெற்குச் சீமையில் ஒரு வாய்க்காலுக்காக இருவர் வழக்காடினார்கள். வாய்க்காலும் நமக்குத் தெரியாது, வழக்காளியும் நமக்குத் தெரியாது. ஆனாலும் பத்திரிகை வந்ததும் அதை உங்களுக்கு உரக்க வாசித்துக் காட்டியவன் யார்? இந்தப் பாவிதான். "ஒருவன் நிலத்தை மற்றொருவன் இருபது வருஷம் தடையில்லாமல் அனுபவித்தால் அது அவனுக்கு உரிமையாகிவிடும்" என்று வாசித்தேன். அந்த வேளை பார்த்து என் வீட்டிலிருந்து, கஞ்சி ஆறுகிறது, ஜல்தியாக வரவும் என்று ஆள் வந்தது. பத்திரிகையை மடித்தேன், எழுந்தேன், போனேன். மிச்சத்தை வாசிக்கவில்லை.

நான் கஞ்சி குடித்து வருவதற்குள் ஊர் என்ன ஆயிற்று?

சாயப்பட்டறைத் துரைக்கண்ணு தம்மிடம் வேலை செய்யும் தங்கவேலுக்கு மத்தியானம் ஒரு செம்பு மோர் கொடுப்பது வழக்கம். பத்தொன்பது வருஷ வழக்கம். இருபதானால் மோர் உரிமையாகிவிடுமே என்று அன்றைக்கு மோரை நிறுத்தினார். தங்கவேலு என்ன செய்தார்? "பத்தொம்போது வருஷமா அடுப்பண்ட நானே நின்னுகினு இருக்கேன், அதுவும் உங்களுக்கு உரிமையாயிடுமே முதலாளி" என்று சொல்லிவிட்டு வெளியே போய் உட்கார்ந்தார். கொப்பரையில் கிடந்த பட்டு வெந்தது, வெந்தது, வெந்துகொண்டே இருந்தது. அந்தப் பட்டை இன்று கயிறாகத் திரித்தால் கன்றுக்குட்டி கட்டலாம்.

அதோ, துரைக்கண்ணு சிரிக்கிறார். சிரியுங்கள் ஐயா, நட்டம் உங்களுடையது.

என் வீடு மட்டும் தப்பியதா? என் மனைவி அமலோற்பவம் கையில் கரண்டியோடு வந்து நின்றாள். "கல்யாணமாகிப் பத்தொம்போது வருஷமா நீங்க மொதல்ல, நான் கடைசியில சாப்புட்றேன். இன்னும் ஒரு வருஷம் போனா அது உங்க உரிமையாமே. அதனால இன்னிக்கு நான் மொதல்ல" என்றாள். உட்கார்ந்தாள். சாப்பிட்டாள். கருவாட்டுக் குழம்பில் கருவாடு எனக்கு மிஞ்சவில்லை. பெரிய கோர்ட்டின் கை எவ்வளவு நீளம் என்பதை அன்றைக்குத்தான் கண்டேன்.

இதுவரை சிரித்தீர்கள். இனி நான் சொல்லப்போவது சிரிக்கத்தக்கதல்ல.

நம் தெருவில் வாசல் நிலம் அந்தந்த வீட்டுப் பத்திரத்தில் அடங்கியது. வீட்டுக்கு முப்பதடி. ஆனால் தறியில் ஏற்றுமுன் நீட்டிக் கட்டி, கஞ்சி தடவி, காலை வெயிலில் காயவைக்கிற நெடுக்கு இழைப் பாவு முப்பதடியில் அடங்குமா? நாலு வாசல் கடந்தால்தான் ஒரு பாவு. ஆகையால் நம் பெண்கள் என்ன செய்வார்கள்? முந்தின நாளே வீடு வீடாக வெற்றிலை பாக்கு வைத்து, "நாளைக்குப் பாவு, வாசல் தெளிக்காதீங்க" என்று சொல்லி வருவார்கள். வெற்றிலையை எடுத்துக்கொண்டால் சம்மதம். எடுக்காத வீடு இந்தத் தெருவில் உண்டா? இருந்ததில்லை.

எல்லப்ப முதலியார் வீடு வாங்கிப் பத்தொன்பது வருஷம். தீர்ப்பின் பாதியைக் கேட்டவர் விரல்விட்டு எண்ணினார். பக்கத்து வீட்டு ரங்கம்மாள் இன்னும் ஒரு வருஷம் பாவு போட்டால் என் வாசல் அவளுக்குப் போய்விடும் என்று நடுங்கினார். மறுநாள் காலை ரங்கம்மாள் பாவை நீட்டிக் கஞ்சி தடவி முடிக்கிற சமயம், தம் வாசல் நடுவே எருமையைக் கொண்டுவந்து கட்டினார்.

வேறு வழியில்லாமல் ரங்கம்மாள் ஈரப் பாவைச் சுருட்டினாள். ஈரத்தோடு சுருட்டினால் என்ன ஆகும்? உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? இழையோடு இழை ஒட்டிக்கொண்டது. கண் மங்கிய புருஷன், ஒரே ஒரு தறி, அந்தத் தறிக்கு அந்த ஒரே பாவு. அன்று ரங்கம்மாள் தெருவில் உட்கார்ந்து அழுததை நான் பார்த்தேன். நான் வாசித்த வார்த்தையால் வந்த அழுகை அது. அதற்குப் பிறகு எனக்கு நல்ல தூக்கம் இல்லை.

அவள் வழக்குப் போட்டாள். வக்கீல் கணக்குப் பார்த்தார். வீடு கைமாறினாலும் வருஷக் கணக்கு மாறாது, மாமியார் காலத்தையும் சேர்த்தால் முப்பது வருஷம், ஜெயம் நமக்கே என்றார். ஒன்றே ஒன்று சொல்லிவைத்தார்: "கோர்ட்டில் வெற்றிலைப் பேச்சே எடுக்கக் கூடாது." ஏன் தெரியுமா? நான் வாசிக்காமல் மடித்துவைத்த மிச்சப் பாதி அதுதான். கேட்டுச் சம்மதம் வாங்கி அனுபவித்தால், நூறு வருஷமானாலும் அது உரிமையாகாது.

அந்த வரியையும் நான் வாசித்திருந்தால் எல்லப்ப முதலியாருக்குப் பயம் ஏது? எருமைக்கு வேலை ஏது? கஞ்சி ஆறினால் ஆறட்டும் என்று இன்னும் ஒரு நிமிஷம் உட்கார்ந்திருக்கக் கூடாதா நான்?

முன்சீப் கேட்டார்: "அம்மா, நீ கேட்டுப் போட்டாயா, கேட்காமல் போட்டாயா?" கேட்கவில்லை என்று ஒரு சொல் சொன்னால் வெற்றி. வக்கீல் கண்ணால் கெஞ்சுகிறார். ரங்கம்மாள் சொன்னாள்: "கேக்காம எப்படிங்க? அடுத்தவங்க வாசலாச்சே. ஒவ்வொரு தபாவும் வெத்தல வச்சுதாங்க கேட்டேன். அவங்க வீட்டம்மாவும் ஒவ்வொரு தபாவும் எடுத்துகினாங்க."

தோற்றாள். மரியாதையாக நடந்ததால் தோற்றாள், மகாஜனங்களே. முன்சீப் மேல் குற்றமில்லை, சட்டம் அப்படி. அவர் தீர்ப்பை எழுதும்போது தலை நிமிரவில்லை.

எல்லப்ப முதலியார் ஜெயித்தார். ஜெயித்து என்ன கண்டார்? முப்பதடி கண்டார். அந்தத் தீர்ப்பைப் பார்த்து, தெருவில் மிச்சமிருந்த பதினோரு வீட்டுக்காரர்கள் நீங்கள் என்ன செய்தீர்கள்? ஒருவர் ஆட்டைக் கட்டினார், ஒருவர் விறகை அடுக்கினார். இன்னொருவர், பெயர் சொல்ல மாட்டேன், இந்த மேடையிலே மாலையோடு இருப்பதால் சொல்ல மாட்டேன், அச்சு முறிந்த மாட்டுவண்டியை இழுத்து நிறுத்தினார். ஜெயித்தவருடைய பாவும் இன்று வீட்டுக்குள் சுருண்டு கிடக்கிறது. பதினோரு வாசலிலும் உரிமை இருக்கிறது, ஒரு வாசலிலும் பாவு இல்லை.

போன வெள்ளிக்கிழமை எல்லப்ப முதலியார் வெற்றிலைத் தட்டோடு ரங்கம்மாள் வாசலில் போய் நின்றார். "பேஜாராப் போச்சும்மா, என் பாவு நிக்குது" என்றார். அவள் என்ன சொன்னாள்? "யோசிச்சுக் கேளுங்கண்ணா, கேட்டா உரிமை இல்லையாம்" என்றாள். அவரை இரண்டு நிமிஷம் நிற்கவைத்தாள். அது நியாயம். பிறகு வெற்றிலையை எடுத்துக்கொண்டாள். "எருமைய மட்டும் பின்கட்டுல கட்டிடுங்க, அது என்னையே பாத்துகினு இருக்குது" என்றாள்.

எல்லப்ப முதலியாரே, தலை குனியாதீர். உம்மை நான் இகழவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு தெருவில் நடந்தீரே, அந்தத் துணிச்சல் எனக்கு இதுவரை இல்லை.

ஆனால் எல்லப்ப முதலியாரின் ஒரு வாசல் திறந்து என்ன பயன், பாவுக்கு நாலு வாசல் வேண்டாமா? கடன் வாங்கிய பட்டில் ரங்கம்மாள் இன்னொரு பாவு ஓட்டி வைத்திருக்கிறாள். நாளைக் காலை அதை நீட்ட முடியாவிட்டால், தறியைக் கழற்றிக்கொண்டு, புருஷனைக் கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டு, கண்ணமங்கலத்தில் அண்ணன் வீட்டோடு போய்விடுவது என்று முடிவு செய்துவிட்டாள். மூட்டை கட்டியாகிவிட்டது.

அன்பர்களே, பெரிய கோர்ட்டைப் பழிக்க நான் வரவில்லை. பலவான் பலவீனனை நசுக்கும்போது அது வேண்டும், அவசியம் வேண்டும். ஆனால் கேட்டால் கொடுக்கிற வழக்கம் இருக்கிற தெருவுக்கு எதற்கு எருமை? எதற்கு விறகு? எதற்கு அச்சு முறிந்த வண்டி? உரிமை என்று சொல்லி அவள் ஜெயித்திருக்கலாம். கேட்டேன் என்று சொல்லித் தோற்றாள். அவள் யாரை நம்பித் தோற்றாள்? முன்சீப்பையா நம்பினாள்? உங்களைத்தான் நம்பினாள். வெற்றிலை எடுத்தவர்கள் இல்லையென்று சொல்ல மாட்டார்கள் என்று நம்பினாள்.

நானும் இன்று மனுவோடு வரவில்லை. இதோ, என் பின்னே மூடிவைத்திருந்தது வெற்றிலைத் தட்டு. பாதி வாசித்தவன் மீதியை இப்படித்தான் வாசிக்க வேண்டும். முதலில் அக்கிராசனாதிபதி அவர்களிடம் நீட்டுகிறேன். ஐயா, யோசிக்கிறீர்களா? யோசியுங்கள். ரங்கம்மாளும் அதோ கடைசி வரிசையில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

எடுத்துக்கொண்டார். மகாஜனங்களே, இரண்டு வெற்றிலையாக எடுத்துக்கொண்டார். வண்டியைத் தள்ள ஆள் வேண்டுமானால், ஐயா, பவுல்துரை ஒரு தோள் கொடுக்கிறேன்.

தட்டு இனி உங்களிடம் வருகிறது. இவ்வளவு நேரம் பொறுத்திருந்து கேட்ட உங்கள் எல்லாருக்கும் என் நன்றி, எல்லாருக்கும் என் வந்தனம். நாளைக் காலை ரங்கம்மாள் வீட்டுப் பாவு. யாரும் வாசல் தெளிக்காதீங்க.