மீ ரெபுஸ் குழம்பில் இரண்டு பிடி

"ஹலோ... ஆமா, நான்தாங்க. மத்தியான நேரத்துல போன் பண்றீங்க, கடையில கூட்டம் இல்லியா?... என்னது?... மெதுவாச் சொல்லுங்க, ஒண்ணும் புரியல... யாரு விழுந்தா?"

தனலெட்சுமி சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். குளியலறையில் வழுக்கிக் கணுக்காலை உடைத்துக்கொண்டு, மாவுக்கட்டோடு வீட்டில் கிடப்பது இது நான்காவது நாள். மெல்பர்ன் நகரத்து உணவுக்கூடம் ஒன்றில் அவர்கள் கடை திறந்து ஏழு வருஷமாகிறது. அவள் புருஷன் அப்பளசாமி தனியாகக் கடையைப் பார்ப்பது இந்த வாரம்தான். 1995 ஆகியும் அந்தக் கடையில் இருந்ததே இரண்டு நூடுல்ஸ் வகைதான். தெளிந்த கோழி சூப்பில் மிதக்கும் மீ சோத்தோ, கெட்டிக் குழம்பு ஊற்றிய மீ ரெபுஸ். இரண்டும் மலேசியாவில், மூவார் ஊரில், மலாய்க்கார அண்டை வீட்டாரிடம் அவருடைய அம்மா கற்று வைத்தவை. அதைச் சொல்லிப் பெருமைப்படாமல் அந்த மனுஷன் யாருக்கும் ஒரு மங்குக் கிண்ணம் நீட்டியதில்லை.

"எந்தப் பொண்ணு?... பச்சைப் பையோட வருமே, காலேஜ் பொண்ணு, ரேச்சலா?... ஐயோ. அது எப்பவும் சோத்தோதானே சாப்பிடும்?... முடிஞ்சுபோச்சா... சரி, முடிஞ்சுபோச்சு. அதனால என்ன குடுத்தீங்க?... என்னங்க, என்ன குடுத்தீங்கன்னு கேக்கறேன்!"

பதில் வருவதற்குள்ளேயே அவள் மாவுக்கட்டுக் காலைத் தரையில் இறக்கிவிட்டாள்.

"ரெபுஸ்... எவ்வளவு சாப்பிட்டா?... பாதி மங்கு... மூச்சு எப்படி இருக்கு?... இழுக்குதா? உதடு?... மிளகாயும் இல்ல, ஒண்ணும் இல்ல, மிளகாய்க்கு யாராவது இப்படி வீங்குவாங்களா! தண்ணி ஊத்தாதீங்க. ஊத்தாதீங்கன்னு சொல்றேன்லா!... ஆம்புலன்சுக்குச் சொல்லியாச்சா?... ஆமா... ஆமா... பத்து நிமிஷமா? பத்து நிமிஷம் யாரு தாங்கறது?"

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கடை திறந்த புதிதில் மீ ரெபுஸ் குழம்பு கூடிவரவே இல்லை. இந்த ஊர்ச் சர்க்கரைவள்ளிக் கிழங்கை எவ்வளவு மசித்துப் போட்டாலும் குழம்பு தண்ணீராய் ஓடியது. மலேசியப் பிள்ளைகள் ஆசையாய் வந்து, ஒரு வாய் வைத்து, மீதியை மரியாதைக்காகத் தின்றுவிட்டுப் போனார்கள். அப்பளசாமி கரண்டியைப் போட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டார். சோறு இறங்கவில்லை அவருக்கு. ஒருநாள் காலை அவருக்குத் தெரியாமல் தனலெட்சுமி இரண்டு பிடி வேர்க்கடலையை வறுத்து, மாவாய் அரைத்து, மசாலாவோடு சேர்த்துவிட்டாள். குழம்பு திரண்டு வந்தது. அவர் தொட்டு நாக்கில் வைத்தார். வைத்தவர், "இது எங்கம்மா கை, தனம்" என்று சொல்லி, அத்தனை பேர் நடுவிலும் அழுதார். அப்படி அழுகிறவரிடம் போய், இது கடலை மாவு என்று எந்தப் பெண்சாதி சொல்வாள்?

அன்று மூடிய வாய்தான். ரெபுஸ் மசாலாவைக் கடலையோடு வீட்டிலேயே அரைத்து டப்பாவில் கொடுத்துவிடுவாள், இந்த வாரத்து டப்பாவும் கால் உடையும் முன்னாலேயே கடைக்குப் போயிருந்தது. அதற்குப் பிறகு கல்லாவில் நின்றுகொண்டு அவளே காவல் காத்தாள். யாராவது வந்து கடலை உண்டா என்று கேட்டால், ரெபுஸ் இன்றைக்கு நன்றாயில்லை, சோத்தோ எடுத்துக்கொள் என்று நைசாகத் திருப்பிவிடுவாள். ரேச்சலை இரண்டு வருஷமாக அப்படித்தான் திருப்பிக்கொண்டிருந்தாள். கால் உடையும் என்று கண்டாளா?

"அவ கேட்டாளாங்க? சாப்பிடறதுக்கு முன்னால கச்சாங், கடலை ஏதாவது இருக்கான்னு கேட்டாளா?... நீங்க என்ன சொன்னீங்க?... எங்கம்மா மேல சத்தியம்னா? இங்கிலீஷ்ல அதை எப்படிங்க சொன்னீங்க!... இல்ல, சிரிக்கல. நான் எங்க சிரிக்கறேன்."

ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"கூட வந்த பொண்ணு என்ன பண்ணுது?... கையில என்ன வச்சிருக்கு?... பேனா மாதிரி ஊசியா? அதேதாங்க, அதைப் போடச் சொல்லுங்க! ஏன் வச்சுக்கிட்டு நிக்குது?... கடலை தின்னாத்தான் போடணும்னு சொல்லுதா... நீங்கதான் கடலை இல்லேன்னு சொன்னீங்களா... இப்பவும் அதையேதான் சொல்லிக்கிட்டு இருக்கீங்களா?"

சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. சொல்லாமலே காரியத்தை முடித்துவிடப் பார்த்தாள் பாவி.

"பரவால்ல, போடச் சொல்லுங்க... காரணம் கேக்காதீங்க... நான் டாக்டர் இல்லதான், யாரு டாக்டர்னு சொன்னா?... எறாலா இருக்கும்கறீங்களா? சரி, எறாலாவே இருக்கட்டும், எறாலுக்கும் போடலாம்... டிவியில பாத்தேன்... என்ன டிவியா? என்னங்க, இதுவா நேரம்!... தப்பா ஊசி போட்டு ஏதாவது ஆனா நீங்களா பொறுப்பு? அப்படியா சொல்றீங்க?... சரி, போனை அந்தப் பொண்ணுகிட்ட குடுங்க. நான் பேசறேன்... அது ஏன் அழுவுது?... என்ன நீலம்? உதடு நீலமா ஆகுதா?"

தனலெட்சுமி கண்ணை மூடிக்கொண்டாள்.

"இருக்குங்க. குழம்புல கச்சாங் இருக்கு... நான்தான் போட்டேன். அரைச்சுப் போட்டேன்... இன்னைக்கு இல்ல, எப்பவுமே... அப்புறம் திட்டுங்க, அடிங்க, என்ன வேணாலும் பண்ணுங்க. இப்பத் திரும்பி அந்தப் பொண்ணுகிட்ட சொல்லுங்க. பீனட்னு சொல்லுங்க. கத்திச் சொல்லுங்க! ஏன் பேசாம நிக்கறீங்க, சொல்லுங்களேன்!"

அந்தப் பக்கம் ரிசீவர் எதன்மேலோ விழுந்து உருண்டது. பிறகு தட்டுகள் மோதும் சத்தம், பக்கத்துக் கடைக்காரன் சட்டியில் கரண்டி உரசும் சத்தம், யாரோ யாரையோ விலகச் சொல்லும் கூச்சல். அப்பளசாமியின் குரல் மட்டும் அவளுக்குக் கேட்கவில்லை.

"ஹலோ... ஹலோ... என்னங்க... பத்துமலை முருகா, அந்தப் பொண்ணைக் காப்பாத்திடுப்பா. கால் சரியானதும் வந்து பால்குடம் எடுக்கறேன். நான் பண்ணின தப்புக்கு யாரோ பெத்த பிள்ளையை எடுத்துடாதப்பா... ஹலோ! யாராவது எடுங்களேன்!"

யாரும் எடுக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தில் இரண்டு நிமிஷம் போனது.

"ஹலோ! ஆங், சொல்லுங்க, சொல்லுங்க... போட்டாச்சா? தொடையிலயா?... இப்ப?... இருமறாளா? இருமட்டும், இருமினா மூச்சு போகுதுன்னுதானே அர்த்தம்... ஆமா... ஆமா... நிறம் வருதா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க, எனக்காகச் சொல்லாதீங்க... அப்பாடா. முருகா... எழுந்திரிக்க விடாதீங்க. படுத்தே கிடக்கட்டும்... வேற யாருக்கு ரெபுஸ் குடுத்தீங்க? போய்க் கேளுங்க, ஒவ்வொருத்தரையும் கேளுங்க. பானையை மூடிடுங்க, இனி ஒரு கரண்டி ஊத்தாதீங்க... மூடிட்டீங்களா. சரி."

அதற்குப் பிறகு அவர் மூச்சு மட்டும் கேட்டது.

"என்னங்க... ஏதாச்சும் சொல்லுங்களேன்... ஆமா, கடை தொறந்த வருஷத்துலேர்ந்து... பானைக்கு ரெண்டு பிடி... எத்தனையோ தடவை சொல்லத்தான் வாயெடுத்தேன். நீங்க வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் எங்கம்மா குழம்பு, எங்கம்மா குழம்புன்னு சொல்லிக்கிட்டு இருந்தீங்க, நான் எப்படிங்க சொல்றது?... பயந்தேன். உங்களுக்குப் பயந்தேன், அந்தப் பொண்ணுக்குப் பயப்படாமப் போயிட்டேன். அதாங்க என் தப்பு... அழறீங்களா?... வந்துட்டாங்களா? போங்க, போய் அவங்களைப் பாருங்க. போனை வச்சிடாதீங்க, பக்கத்துலயே வையுங்க."

ஆம்புலன்ஸ்காரர்கள் வந்துவிட்டார்கள். சக்கரம் உருளும் சத்தம், இங்கிலீஷில் கேள்வி மேல் கேள்வி. தனலெட்சுமி ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள். காது வலித்தது.

"ஹலோ, இருக்கேன்... ஆஸ்பத்திரிக்கா?... ராத்திரி வச்சுப் பாப்பாங்களா? பாக்கட்டும். பிழைச்சுக்குவான்னு சொன்னாங்களா?... நிச்சயமா?... கண்ணைத் தொறந்துட்டாளா! ஐயோ, என் தங்கமே... உங்களைக் கூப்பிட்டாளா? என்ன கேட்டா?... சொல்லுங்க, என்ன கேட்டா?... இல்லேன்னு சொன்னீங்களேன்னா?... அப்படியே கேட்டாளா..."

அவள் ரிசீவரை மறு காதுக்கு மாற்றினாள்.

"அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?... என்னது?... 'நான்தான் போட்டேன்'னா? போட்டுட்டு மறந்துட்டேன்னா? ஏங்க அப்படிச் சொன்னீங்க! நீங்க எங்கங்க போட்டீங்க?... அந்த ஆம்புலன்ஸ்காரரு அதை எழுதிக்கிட்டாரா?... கேஸ் ஆனா ஆகட்டுமா? என்ன பேச்சுங்க இது... அவ என்ன சொன்னா?... உங்களைப் பாத்து முகத்தைத் திருப்பிக்கிட்டாளா?... வேண்டாங்க. இந்தப் பழி உங்களுக்கு வேண்டாம். அவளைக் கொண்டுபோறதுக்குள்ள போனை அவ காதுல வையுங்க. ஒரே வார்த்தை சொல்லிடறேன். என்னங்க... கேக்குதா?... நகத்தறாங்களா? ஓடுங்க, வயரு எட்டற வரைக்கும் கொண்டுபோங்க... என்னங்க..."

டக்கென்று ஒரு சத்தம். அப்புறம் வெறும் 'கொய்ங்' என்ற இரைச்சல். வைத்தாரோ, வயர்தான் பிடுங்கிக்கொண்டதோ, தெரியவில்லை.

"ரேச்சல்... நான்தாம்மா போட்டேன். அவரு இல்லம்மா. அவருக்குத் தெரியவே தெரியாது..."

இரைச்சல் கேட்டுக்கொண்டே இருந்தது. தனலெட்சுமி அதனிடம் இன்னொரு தடவை முதலிலிருந்து சொன்னாள்.