ஏழாம் நம்பர் படுக்கை

காலி இடத்தைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது. பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் இரண்டு பேர் பரப்பி உட்கார்ந்திருந்தால் தள்ளச் சொல்லிவிடுவேன். அப்பா செகந்திராபாத் கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கியவர். லீவு நாட்களில் நானும் தூக்கியிருக்கிறேன். கிழிந்த மூட்டையை ஓரம் தள்ளிவிட்டு நல்லதை முதலில் ஏற்றுவோம். லாரி சீக்கிரம் கிளம்பும். கடைசியில் இடம் மிஞ்சினால்தான் கிழிந்தது ஏறும்.

2009-ல் குகட்பள்ளியில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் படுக்கை ஒதுக்கும் ப்ரோகிராம் எழுதியபோது இதைத்தான் கணக்காக்கினேன். சீக்கிரம் குணமாகிக் கிளம்புகிறவருக்கு முதலிடம். நாள்கணக்கில் கிடக்கப் போகிறவருக்குக் கடைசி. ஒரே மாதத்தில் சராசரிக் காத்திருப்பு ஒன்பது மணி நேரத்திலிருந்து மூன்றாக இறங்கியது. கேண்டீனில் எனக்கு டபுள் கா மீட்டா, அந்த ரொட்டி இனிப்பு, ஊட்டிவிட்டார்கள். லிஸ்ட்படி படுக்கை கொடுக்கிற வேலையையும் என்னிடமே விட்டார்கள்.

ஜம்புநாதன் ஜீடிமெட்லா மருந்து ஃபேக்டரியில் விஷப்புகை ஏறி வந்தவர். தேற இருபது நாளாகும் என்று டாக்டர் எழுதினார். அதனால் வராந்தாவில் ஸ்ட்ரெச்சர். அவர் மனைவி தங்கம் தினமும் காலையில் கேட்பார்.

"தம்பி, இன்னைக்காவது பெட்டு கிடைச்சிருமா?"

"ஹவ் அக்கா, ஆமா. அடுத்தது உங்களுதுதான்."

சிரித்த முகமாகத்தான் சொல்வேன். ஒருநாள் டப்பாவைத் திறந்து எனக்கு இட்லி கொடுத்தார். நல்ல இட்லி.

மூன்றாம் நாள் மத்தியானம் ஜம்புநாதனுக்கு மூச்சு இழுத்தது. நர்ஸ் ஆக்னஸ் லிஸ்ட்டைப் பார்க்காமல், காலியான ஏழாம் நம்பரில் படுக்கவைத்து, சுவரிலிருந்த ஆக்சிஜன் குழாயை மாட்டிவிட்டாள்.

"சிஸ்டர், அது அப்பெண்டிக்ஸ் கேஸுக்கு. அவரு ரெண்டே நாள்ல காலி பண்ணிருவாரு."

"வராந்தாவுல போட்டா இவரு ரெண்டு மணி நேரத்துல காலி. கைக்கு சார், எதுக்கு இந்த வேலை? உங்க கம்ப்யூட்டரைத் தூக்கி ஸ்ட்ரெச்சர்ல போடுங்க, நாலு நாள் கிடக்கட்டும்."

வேடிக்கையாகப் பேசுகிறவள். நானும் சிரித்தேன்.

அவள் சாப்பிடப் போனாள். தங்கத்தை மருந்து வாங்கி வர அனுப்பினேன். குழாயைக் கழற்றி, ஒழுங்காகச் சுருட்டி வைத்தேன். ஆளை நான் ஒருவனே தூக்கினேன். மூட்டை சுமந்த தோள், ஐம்பது கிலோ ஒன்றும் பெரிதில்லை. என் காலரைப் பிடித்துக்கொண்டார். விரல் விரலாகப் பிரித்துவிட்டேன். குழாய் வராந்தா வரை எட்டாது என்று தெரியும். சாவார் என்றும் தெரியும். தெரியாமல் செய்ததாக எழுதிவிடாதீர்கள் ஐயா. ப்ரோகிராம் மீதும் பழி போடாதீர்கள், அதில் ஒரு பிழையும் இல்லை. அவர் செத்த அடுத்த இருபது நாளில் அதே ஏழாம் நம்பரிலிருந்து ஒன்பது பேர் எழுந்து வீட்டுக்குப் போனார்கள். அவர்களையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

உங்கள் லாக்கப் வசதிதான். ஃபேனுக்கு நேர்கீழே இரண்டு பேர்தான் படுக்கலாம், நாங்கள் ஆறு பேர். நேற்று மத்தியானம் அடிதடி ஆகப் பார்த்தது. நான் முறை போட்டுக் கொடுத்தேன். ஐந்து பேர் நிம்மதியாகத் தூங்கினோம். காய்ச்சலில் முனகும் பெரியவர் மட்டும் கதவோரம் கிடக்கிறார். அவரிடமும் சொல்லியிருக்கிறேன், அடுத்தது உங்களுதுதான் என்று.