பின்னாடி இடம் இருக்கு

எங்கள் போதகருக்குப் பேசும்போது மூக்கை உறிஞ்சுகிற பழக்கம் உண்டு, சார். நிமிடத்துக்கு ஏழெட்டு முறை. அதையெல்லாம் வெட்டி எடுப்பதுதான் என் வேலை. வெட்டிய இடம் தெரியாமலிருக்க, யாரும் பேசாத அறையின் அமைதியைத் தனியாகப் பதிவுசெய்து வைத்திருப்பேன். அதிலிருந்து ஒரு துண்டை எடுத்து ஒட்டிவிடுவேன். அமைதி என்றால் எல்லா இடத்திலும் ஒன்றுதான் என்று நினைக்காதீர்கள். உங்கள் அறையில் மின்விசிறி லேசாக முனகுகிறது. எண்ணெய் விடச் சொல்லுங்கள்.

சபைக்கு ஒரு போன் நம்பர் உண்டு. மனசில் இருப்பதை அதில் பேசி வைத்தால், போதகர் வாரம் ஒருநாள் உட்கார்ந்து கேட்டு, ஒவ்வொருவருக்கும் பதில் பேசுவார். வருவதும் போவதும் என் கம்ப்யூட்டர் வழியாகத்தான். ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு பெரியவர் பேசியிருந்தார்.

"ஐயா, நான் பள்ளிக்கூட வேன் ஓட்டினவன். பன்னெண்டு வருஷம் முன்னாடி, ஒரு குழந்தை பின்சீட்ல தூங்கிட்டிருக்கறது தெரியாம வேனைப் பூட்டிட்டுப் போயிட்டேன். மத்தியான வெயில். ஜெயிலுக்குப் போனேன், வந்தேன். இப்போ சர்க்கரையில கண்ணும் போச்சு. இப்படிப்பட்டவனையும் கடவுள் நேசிப்பாரா ஐயா?"

அந்தக் குழந்தை என் தங்கை. ஐந்து வயது. அவரை நாங்கள் எல்லாரும் வேன் மாமா என்றுதான் கூப்பிடுவோம்.

போதகர் உருகிவிட்டார். "அண்ணே, நீங்க என்ன செஞ்சிருந்தாலும் அவர் அன்பு குறையாது. அது நீங்க சம்பாதிச்ச அன்பு இல்ல. அதனால உங்களால அதைத் தொலைக்கவும் முடியாது." முதல் வாரம் அதை அப்படியே அனுப்பினேன். உறிஞ்சல் ஒன்று விடாமல் எடுத்து, சுத்தமாக.

அடுத்த வாரம் வேன் மாமா சொன்னார்: "ஐயா, இத்தனை வருஷத்துல நேத்துதான் நிம்மதியா தூங்கினேன்."

எங்கள் அம்மா இன்னமும் மாத்திரை போட்டும் தூங்குவதில்லை. கதவு சாத்துகிற சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்துகொள்கிறாள். இவர் தூங்கினாராம்.

வேன் மாமாவிடம் ஒரு குறை. நம்பிக்கை அவரிடம் ஒரு வாரத்துக்கு மேல் நிற்காது. ஒவ்வொரு வாரமும் அதே கேள்வி. போதகரும் சலிக்கவில்லை. "ஆயிரம் தடவை கேட்டாலும் சொல்லுவேன்டா. என் சொத்தா குறையப் போகுது?" என்று சிரிப்பார்.

குறைத்தது நான்தான். முதலில் அன்பு வருகிற வரிகளை எடுத்தேன். பிறகு ஆறுதலை. ஒரு வாரம் "அண்ணே" என்று ஒரே ஒரு சொல், அதற்குப் பின்னால் நாற்பது நொடி அறையின் அமைதி.

"ஐயா, உங்களுக்கே சொல்ல வாய் வரலையா?" என்று கேட்டார் வேன் மாமா. சாப்பாடு இறங்கவில்லை என்றார். "ஊசி போட்டுக்கோப்பான்னு மக கத்தறா. யாருக்காகப் போட்டுக்கறது?" என்றார். இதெல்லாம் போதகர் காதுக்குப் போகவில்லை. அவருக்குப் போனதையும் நான் வெட்டினேன். அவரைப் பொறுத்தவரை வேன் மாமா நன்றாகவே இருந்தார்.

போன மாதம் அவர் கடைசியாகப் பேசினார். "நான் என்ன செய்யணும்னு மட்டும் சொல்லுங்க ஐயா. செஞ்சிடறேன்."

போதகர் சொல்லாத ஒரு சொல்லைக்கூட நான் சேர்க்கவில்லை, சார். ஆராதனை தொடங்குமுன் அவர் அறிவிப்பு சொல்வார். ஏசி ஓடுகிற நாளில், நின்றுகொண்டிருப்பவர்களைப் பார்த்துச் சொல்வார். அதிலிருந்து மூன்று வாக்கியம். "பின்னாடி இடம் இருக்கு. போய் உட்காருங்க. கதவைச் சாத்திக்கோங்க." முன்னால் ஒரு "அண்ணே". மூக்கு உறிஞ்சலில் ஒன்றை மட்டும் விட்டுவைத்தேன். நம்பும்படி இருக்கட்டும் என்று.

சொந்த வண்டியான அந்தப் பழைய வேனை விற்க மனசில்லாமல் வீட்டுப் பக்கத்திலேயே நிறுத்தியிருப்பதாக அவர் மூன்றாவது வாரமே சொல்லியிருந்தார். மகள் வேலைக்குப் போனபிறகு, தடவித் தடவிப் போய் ஏறியிருக்கிறார். பின்சீட். கண்ணாடியெல்லாம் ஏற்றியபடி, பகல் முழுக்க வெயிலில். சாயங்காலம் அவள்தான் கதவைத் திறந்தாள். நான் அவர்மேல் ஒரு விரல்கூட வைக்கவில்லை.

அவர் போனில் இருந்ததை மகள் போதகரிடம் போட்டுக் காட்டியிருக்கிறாள். "இது என் குரல், ஆனா நான் பேசலம்மா" என்று அவர் அழுதாராம். பிறகு போலீஸிலிருந்து நீங்கள் வந்தீர்கள். அசலை அழிக்கக்கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். கை தானாகவே சேமித்துவிடும். அதனால்தான் எல்லாம் உங்களிடம் இருக்கிறது, ஒவ்வொரு வாரமும் வேன் மாமா கடைசியில் பேசி, நான் வெட்டி வைத்த அந்த அரை நிமிடமும்.

"ஐயா, அந்தக் குழந்தையோட அண்ணனுக்காகவும் ஜெபம் பண்ணுங்க. அதே வேன்ல வந்தவன். நான் கடைசி சீட் வரைக்கும் நடந்து பாக்காம, எல்லாரும் எறங்கியாச்சாடான்னு கேட்டேன். ஆச்சு மாமான்னுட்டு, பந்தைத் தூக்கிட்டு ஓடினான். பன்னெண்டு வயசு. கோர்ட்ல நான் அதைச் சொல்லல. கேட்டது என் தப்பு, அவன் தப்பில்ல. உன்னையும் கடவுள் நேசிக்கிறார்டான்னு அவன்கிட்ட யாராவது சொல்லணும் ஐயா."

நடந்து பார்க்க வேண்டியது அவர் வேலை. எழுதி வைத்த விதி. அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

என்னைப் பற்றி எனக்குக் கவலை இல்லை, சார். கடவுள் என்னை நேசிக்கிறார். போதகரின் அந்த முதல் பதிலை ஒரு வரி விடாமல் என் போனில் வைத்திருக்கிறேன். தினமும் கேட்கிறேன். "அண்ணே" வருகிற இடத்தை மட்டும் எடுத்துவிட்டு, வேறொரு பதிவிலிருந்து "தம்பி" என்று ஒட்டியிருக்கிறேன். போட்டுக் காட்டட்டுமா? ஒட்டு தெரியவே தெரியாது.